கரு உருவானது முதல் பேறுகாலம் வரை: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கர்ப்ப காலம் பற்றி இம்முறை வந்திருக்கும் கடிதங்களை மாத வரிசையில் அடுக்கியிருக்கிறேன். பெரும்பாலான கடிதங்கள் ஒரே கவலையைத்தான் வெவ்வேறு சொற்களில் கேட்கின்றன: ‘எனக்கு நடப்பது எல்லோருக்கும் நடப்பதுதானா?’ உடலில் ஒரு மாற்றம் எதனால் வருகிறது என்று தெரிந்துகொண்டால், எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். ஆகவே காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு தவறாமல் வரும். இப்போது நாள் தள்ளிப்போய் 8 நாட்களே ஆகின்றன. ஆனால் பரிசோதித்த டாக்டர், ‘ஐந்து வாரம் முடிந்துவிட்டது’ என்கிறார். இது எப்படி, டாக்டர்? நானும் என் கணவரும் குழம்பிப்போயிருக்கிறோம்.

பதில்: அவர் சொன்ன கணக்கு சரிதான். கரு உண்டான நாளை உறுதியாகச் சொல்வது கடினம். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளைப் பெரும்பாலான பெண்களால் சொல்ல முடியும். அதனால் அந்த நாளிலிருந்தே கர்ப்ப காலத்தை எண்ணுகிறோம். உங்களைப் போல் 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஏறக்குறைய 14-ஆம் நாளில்தான் சினைமுட்டை வெளிவருகிறது என்பதால், கணக்கின் முதல் இரண்டு வாரங்களில் கருவே இருப்பதில்லை. மாதவிலக்கு வர வேண்டிய நாளன்று 4 வாரம் நிறைகிறது. அதற்கு மேல் 8 நாட்கள் கழிந்திருப்பதால் உங்களுக்கு இப்போது 5 வாரமும் 1 நாளும் ஆகியிருக்கின்றன.

பிரசவத் தேதியையும் இதே நாளிலிருந்துதான் கணிக்கிறோம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 9 மாதங்களும் 7 நாட்களும் கூட்டினால், 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் நிறையும் தேதி கிடைக்கும். ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஃபிரான்ஸ் நேகலேயின் பெயரால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் முறை இது. ஆனால் அந்தத் தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர்தான். 37 வாரம் நிறைந்ததிலிருந்து 42 வாரம் நிறைவதற்குள் எப்போது பிறந்தாலும் அது நிறைமாதக் குழந்தையே. மாதவிலக்கு ஒழுங்கற்று வருபவர்களுக்கு இந்தக் கணக்கு பிசகும் என்பதால், முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து தேதியைத் திருத்துகிறோம். அந்த அளவில் ஒரு வாரத்துக்கு மேல் பிழை வருவது அரிது. பிந்தைய மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் வேறு தேதியைக் காட்டினாலும் முதல் ஸ்கேனின் தேதியையே வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி வேறுபடுவதால் அந்தக் கணக்கு அவ்வளவு துல்லியமாக இருக்காது.

ஃபோலிக் அமில மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை என்றால் இன்றே தொடங்குங்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், உங்கள் கணக்குப்படி 6-ஆம் வாரத்திலேயே மூடிக்கொள்கிறது. பல பெண்கள் கருவுற்றதை உணர்வதற்குள் அந்தக் கட்டம் கடந்துவிடும். அதனால்தான் குழந்தைக்குத் திட்டமிடும்போதே, கருவுறுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து 12-ஆம் வாரம் வரை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறை இருந்தவர்களுக்கும் இதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தேவைப்படும். அந்த அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு இது 8-ஆம் வாரம். காலையில் மட்டுமல்ல, நாள் முழுவதும் குமட்டலாகவே இருக்கிறது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. குழந்தைக்குச் சத்து போய்ச் சேருமா? ‘வாந்தி வந்தால்தான் நல்ல கர்ப்பம்’ என்று என் மாமியார் ஆறுதல் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: கருவுற்ற பெண்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர் உங்கள் நிலையில்தான் இருக்கிறார்கள். குமட்டல் பெரும்பாலும் 6-ஆம் வாரத்தை ஒட்டித் தொடங்கி, 9-ஆம் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, 16 முதல் 20 வாரங்களுக்குள் அடங்கிவிடும். நஞ்சு (கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டியிருந்து தாயிடமிருந்து குழந்தைக்குச் சத்தும் ஆக்சிஜனும் கொண்டுசேர்க்கும் உறுப்பு) உருவாகும்போது சுரக்கும் எச்சிஜி என்ற ஹார்மோனே காரணம் என்று நெடுங்காலம் கருதினோம். 2023-இல் வெளியான ஆய்வு, ஜிடிஎஃப்15 என்ற மற்றொரு ஹார்மோனுக்கு இதில் பெரும் பங்கு இருப்பதைக் காட்டியது. கருவும் நஞ்சும் அதைச் சுரக்கின்றன. கர்ப்பத்துக்கு முன் உடலில் அது குறைவாக இருந்த பெண்களுக்கு அதன் திடீர் உயர்வு கடுமையான வாந்தியை உண்டாக்குகிறது. ‘எல்லாம் மனதில்தான் இருக்கிறது’ என்று சொல்லப்பட்டு ஒடுங்கிப்போன எத்தனையோ பெண்களுக்கு நியாயம் செய்த கண்டுபிடிப்பாக நான் இதைக் கருதுகிறேன்.

உங்கள் மாமியாரின் சொல்லில் ஓரளவு உண்மை உண்டு. வாந்தி இருக்கும் கர்ப்பங்களில் கருச்சிதைவு சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது. ஆனால் குமட்டலே இல்லாமல் நல்லபடியாகக் குழந்தை பெறுபவர்கள் ஏராளம் என்பதால், குமட்டல் இல்லாத வாசகியர் கலங்க வேண்டாம். குழந்தைக்குச் சத்து போதாமல் போகுமோ என்ற பயமும் இப்போதைக்குத் தேவையில்லை. 8-ஆம் வாரத்தில் கருவின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். அதற்கு வேண்டியதை உங்கள் உடலின் சேமிப்பே கொடுத்துவிடும்.

வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். முட்ட முட்ட நிறைந்தாலும் கூடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, எது இறங்குகிறதோ அதைச் சிறிதளவு சாப்பிடுங்கள். தண்ணீரை உணவோடு சேர்க்காமல் இடைவேளைகளில் வாய் வாயாகக் குடியுங்கள். சத்து மாத்திரை குமட்டலைக் கிளப்பினால் இரவு படுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இவற்றால் அடங்காவிட்டால் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்வதில் தயக்கமே வேண்டாம். டாக்ஸிலமின், பைரிடாக்சின் என்ற இரண்டும் சேர்ந்த மாத்திரை பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பாகக் கொடுக்கப்பட்டு வருகிறது.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் மிகக் குறைவாகப் போகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்துவிட்டது என்றால் அது சாதாரண மசக்கை இல்லை. நரம்பு வழியே நீர்ச்சத்து ஏற்ற வேண்டியிருக்கும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதுவரை ஒன்றுமில்லாமல் இருந்து, 10-ஆம் வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக வாந்தி தொடங்கினாலும் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: 9-ஆம் வாரத்தில் திடீரென்று உதிரம் பட்டது. ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இருந்தாலும் பயம் போகவில்லை. முந்தின நாள் மாடிப்படி ஏறி இறங்கியதுதான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அசையாமல் படுத்தே இருக்க வேண்டுமா?

பதில்: முதலில் அந்த மாடிப்படியை விட்டுவிடுங்கள். படி ஏறியதாலோ, துணி துவைத்ததாலோ, வேலைக்குப் போனதாலோ, கோபப்பட்டதாலோ கரு கலைவதில்லை. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம்களின் எண்ணிக்கையில் கருவுற்ற கணத்திலேயே நேர்ந்துவிட்ட பிழையால் கலைகின்றன. தாய் எதைச் செய்திருந்தாலும், எதைச் செய்யாதிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை இப்படி முடிகின்றன. கருவை இழந்த பெண்ணிடம் அவள் செய்த வேலைகளைப் பட்டியலிட்டுக் காட்டுவது மருத்துவத்துக்கும் பொருந்தாது, அன்புக்கும் பொருந்தாது.

முதல் மூன்று மாதங்களில் உதிரம் படுவது நால்வரில் ஒருவருக்கு நேர்கிறது. உதிரம் பட்ட பிறகும் இதயத் துடிப்பு தெளிவாகத் தெரிந்தால் அந்தக் கர்ப்பங்களில் மிகப் பெரும்பாலானவை நல்லபடியாகத் தொடர்கின்றன. 9-ஆம் வார ஸ்கேன் திரையில் இரண்டே கால் சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் உருவம், பெரிய தலையும் முளைவிட்ட கைகால்களுமாக மிதக்கும். அதன் நடுவே நிமிடத்துக்கு 170 முறையளவில் ஒரு புள்ளி மினுங்கிக்கொண்டே இருக்கும். இதயம் அவ்வளவு வேகமாகத் துடிப்பது அந்த வயதுக்கு உரியதே. பின்னர் அது 110-க்கும் 160-க்கும் இடையில் நிலைபெறும்.

படுத்த படுக்கையாக இருப்பது கருச்சிதைவைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நெடுநாள் அசையாதிருந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். உதிரம் நிற்கும் வரை உடலுறவைத் தவிர்த்து, வழக்கமான வேலைகளை நிதானமாகச் செய்துகொள்ளுங்கள். முன்பு கருச்சிதைவு ஆனவராக இருந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்து பயன்படுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதையும் அவருக்கு நினைவூட்டுங்கள், ஒரு தடுப்பு ஊசி தேவைப்படலாம்.

உங்களுக்குக் கரு கர்ப்பப்பைக்குள் இருப்பது உறுதியாகிவிட்டது. இன்னும் ஸ்கேன் எடுக்காத வாசகியர் ஒன்றை நினைவில் வையுங்கள். நாள் தள்ளிப்போன பிறகு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் ஆகியவை வந்தால், உதிரம் சொட்டளவே பட்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு வெடித்திருக்கலாம். அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: கருவுற்றபோது எனக்கு ஹீமோகுளோபின் 12 கிராம். ஐந்தாம் மாதத்தில் 10.4 ஆகிவிட்டது. நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். ரத்தம் எங்கே போகிறது?

பதில்: எங்கும் போகவில்லை, உண்மையில் உங்கள் ரத்தம் பெருகியிருக்கிறது. பிரசவம் நெருங்குவதற்குள் உடலில் உள்ள ரத்தத்தின் அளவு நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை கூடுகிறது. அதில் நீர்ப்பகுதி வேகமாகவும் சிவப்பணுக்கள் மெதுவாகவும் கூடுவதால், நடு மாதங்களில் ரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் எண் இறங்கித் தெரிகிறது. இதற்கு இடம் கொடுத்துத்தான் நடு மூன்று மாதங்களுக்கு 10.5 கிராமும், முதல் மற்றும் கடைசி மூன்று மாதங்களுக்கு 11 கிராமும் எல்லையாக வைத்திருக்கிறோம். உங்கள் அளவு எல்லைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் இது லேசான ரத்தசோகைதான். ஆனால் பிரசவத்தில் இழக்கப்போகும் ரத்தத்தைத் தாங்குவதற்கு இப்போதே சரிசெய்ய வேண்டும்.

மாத்திரையை விழுங்கும் நேரம் முக்கியம். தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்தால் இரும்புச்சத்து உடலில் ஏறாது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். வைட்டமின் சி உள்ள பழத்தோடு எடுத்தால் நன்றாக ஏறும். மலம் கறுத்துப்போவது இயல்பே. மலச்சிக்கலோ வயிற்று எரிச்சலோ தாங்க முடியாவிட்டால், மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த பரிசோதனையில் மௌனமாக இருக்காதீர்கள். வேறு மாத்திரை உண்டு, அதுவும் ஒத்துவராவிட்டால் நரம்பு வழியே செலுத்தும் மருந்தும் உண்டு.

கேள்வி: இது எனக்குத் தலைப்பிரசவம்; 20-ஆம் வாரம். என் நாத்தனாருக்கு நான்காம் மாதமே குழந்தையின் அசைவு தெரிந்ததாம். எனக்கு இன்னும் ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில் நஞ்சு முன்பக்கம் இருப்பதாகவும், கீழே இறங்கியிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் நாத்தனாருக்கு அது முதல் குழந்தைதானா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே ஒரு முறை உணர்ந்தவர்கள் 16-ஆம் வாரத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறார்கள். தலைப்பிரசவத்தில் 18 முதல் 20 வாரமாகும், சிலருக்கு அதற்கும் மேலாகும். தொடக்கத்தில் அது உதையாகத் தெரியாது. வயிற்றுக்குள் ஒரு குமிழி உடைவது போலவோ, லேசாகத் துள்ளுவது போலவோ இருக்கும். வாயு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். உங்களுக்கு நஞ்சு முன்பக்கச் சுவரில் இருப்பதால் குழந்தைக்கும் உங்கள் வயிற்றுக்கும் நடுவில் அது மெத்தையிட்டது போல நிற்கிறது. ஸ்கேனில் குழந்தை நன்றாக அசைந்திருந்தால் காத்திருக்கலாம். 24-ஆம் வாரம் வரை ஒன்றுமே தெரியாவிட்டால் அவசியம் காட்டுங்கள்.

கீழிறங்கிய நஞ்சைப் பற்றி: கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர்ந்து நீளும்போது நஞ்சும் மேலே விலகிப்போகிறது. 20-ஆம் வாரத்தில் தாழ்வாகத் தெரிந்த நஞ்சு, பெரும்பாலானோருக்குப் பிரசவத்துக்குள் மேலேறிவிடும். 32-ஆம் வாரத்தில் மீண்டும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். அதுவரை வலியே இல்லாமல் உதிரம் போனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ‘நஞ்சு கீழே இருக்கிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு 26-ஆம் வாரம். சர்க்கரை கரைத்த நீரைக் குடிக்க வைத்து மூன்று முறை ரத்தம் எடுத்தார்கள். கர்ப்ப காலச் சர்க்கரை நோய் என்று முடிவு வந்திருக்கிறது. அவள் இனிப்பே சாப்பிடுவதில்லை. எங்கள் குடும்பங்களில் யாருக்கும் சர்க்கரையும் இல்லை. இது நிரந்தரமாகத் தங்கிவிடுமா?

பதில்: இனிப்பு சாப்பிட்டதால் வந்தது என்று உங்கள் மனைவியை யாரும் குறை சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தடையின்றிச் சர்க்கரை போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, நஞ்சிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. பெரும்பாலானோரின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டுகிறது, சிலருக்கு அது போதாமல் போகிறது. நஞ்சு பெரிதாகும் 24 முதல் 28 வாரங்களில் இது வெளிப்படும் என்பதால்தான் அப்போது இந்தப் பரிசோதனை. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துச் செய்யும் இந்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 ஆகிய அளவுகளில் ஒன்றைத் தொட்டாலும் கர்ப்ப காலச் சர்க்கரை என்று பல நாடுகளில் முடிவு செய்கிறார்கள்.

பெரும்பாலோருக்கு உணவுமுறை மாற்றமும், சாப்பிட்ட பின் சற்று நடப்பதுமே போதும். இல்லாவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ வேண்டியிருக்கும். இன்சுலின் குழந்தையைப் பாதிக்காது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பருத்து, பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளவும், பிறந்தவுடன் அதன் சர்க்கரை அளவு சரியவும் நேரலாம். நஞ்சு வெளியேறியதும் பொதுவாகத் தாயின் சர்க்கரை இயல்புக்குத் திரும்பிவிடும். ஆனாலும் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறையும், பிறகு குறிப்பிட்ட இடைவெளிகளிலும் பரிசோதிக்க வேண்டும். கைக்குழந்தையைக் கவனிக்கும் வேலையில் எல்லோரும் மறந்துபோவது இந்தப் பரிசோதனையைத்தான். தேதியை நீங்கள் குறித்துவைத்து அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. ‘கர்ப்பத்தில் கால் வீங்குவது சகஜம், எனக்கும் வீங்கியது’ என்று சொல்லித் தேற்றினேன். இரண்டு நாளாக முகமும் கனத்தாற்போல் தெரிகிறது. தலைவலி என்றும் சொல்கிறாள். அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போகப்போகிறோம். அதுவரை பொறுக்கலாமா?

பதில்: பொறுக்கக் கூடாது, அம்மா. உங்கள் கடிதத்தைப் படித்தவுடனே ‘இன்றே ரத்த அழுத்தம் பாருங்கள்’ என்று தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

மாலையில் கணுக்காலைச் சுற்றி வீங்கி, இரவு படுத்து எழுந்தால் வடிந்துவிடும் வீக்கம் பெரும்பாலும் கவலைக்குரியதன்று. வளர்ந்த கர்ப்பப்பை, கால்களிலிருந்து திரும்பும் ரத்த ஓட்டத்தை அழுத்துவதால் அது வருகிறது. காலையில் எழும்போதே முழங்கால் வரை வீங்கியிருப்பதும், முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் விழும் குழி நிரம்பாமல் அப்படியே நிற்பதும், மோதிரம் திடீரென்று கழலாமல் போவதும், இமைகள் தடித்து முகம் மாறித் தெரிவதும் வேறு. இவற்றோடு விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது அல்லது பார்வை மங்குவது, நெஞ்சுக்குக் கீழே வலப்பக்கம் வலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் ‘ப்ரீ-எக்லாம்ப்சியா’வாக இருக்கலாம். 20-ஆம் வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் போய், சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ, சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படுவதோ இந்த நோய். 160/110-ஐ எட்டினால் அவசர நிலை. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், மூளையில் ரத்தக் கசிவும் நேரலாம்.

இந்த நோய் பல நாட்கள் அறிகுறியே காட்டாமல் வளரக்கூடியது. ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்ப்பது இதற்காகவே. ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று ஒரு முறைகூடத் தவறவிடக் கூடாது. ரத்த அழுத்தத்தைக் குறைக்க மருந்து உண்டு, வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு. நோய் முற்றாகத் தீர வேண்டுமானால் குழந்தையும் நஞ்சும் வெளியே வந்தாக வேண்டும். எப்போது என்பதைத் தாயின் நிலையையும் குழந்தையின் வயதையும் எடைபோட்டு மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். முந்தைய கர்ப்பத்தில் இந்த நோய் வந்தவர்களும், நாள்பட்ட ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் 12-ஆம் வாரத்திலிருந்து சிறு அளவு ஆஸ்பிரின் எடுத்துக்கொண்டால் ஆபத்து குறைகிறது. ஆகவே அடுத்த கர்ப்பத்தில் முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்ல வேண்டும். பிரசவமான பிறகு ஆறு வாரம் வரையிலும் இந்த நோய் தலைகாட்டலாம் என்பதையும் உங்களைப் போன்ற தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: 36-ஆம் வாரம். இரண்டு நாளாகக் குழந்தையின் அசைவு குறைந்திருக்கிறது. கடைசி மாதத்தில் இடம் போதாமல் அசைவு குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானே?

பதில்: சரியல்ல. இந்தப் பகுதியில் எந்த ஒரு பதிலையாவது மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரங்களில் அசைவின் தன்மை மாறலாம். உதை குறைந்து, புரள்வதும் அழுத்துவதுமாக உணரலாம். ஆனால் அசைவுகள் குறையக் கூடாது. பிரசவ வலி தொடங்கும் வரை, தொடங்கிய பிறகும்கூட, குழந்தை அசைந்துகொண்டேதான் இருக்க வேண்டும். நஞ்சு வழியே வரும் ஆக்சிஜன் குறையும்போது குழந்தை செய்யும் முதல் காரியம் அசைவைக் குறைத்துக்கொள்வது. ‘இடம் போதவில்லை’ என்று நம்பிக் காத்திருந்த பின் துடிப்பே கேட்காத நிலையில் வரும் பெண்களைப் பார்ப்பதைவிடக் கொடுமையான வேலை எங்கள் துறையில் இல்லை.

குழந்தை ஒரு நேரத்தில் 20 முதல் 40 நிமிடங்கள் தூங்கும். 90 நிமிடங்களுக்கு மேல் தூங்குவது அரிது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வாடிக்கை உண்டு: சிலது இரவில் ஆட்டம் போடும், சிலது தாய் சாப்பிட்டவுடன் துள்ளும். 28-ஆம் வாரத்துக்குள் அந்த வாடிக்கை உங்களுக்குப் பிடிபட்டுவிடும். இன்னொருத்தி எண்ணிய எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் குழந்தையின் வாடிக்கை மாறினால் அதுதான் அறிகுறி. சந்தேகம் வந்தால் ஒருக்களித்துப் படுத்து இரண்டு மணி நேரம் வேறு எதிலும் கவனம் செலுத்தாமல் பாருங்கள். பத்து அசைவுகளாவது தெரியாவிட்டாலும், தெரிந்தும் மனம் ஒப்பாவிட்டாலும், அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போய்த் துடிப்பைப் பதிவு செய்யுங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பினால் அது வீண் அலைச்சலாகாது. மறுநாள் மீண்டும் குறைந்தால் மீண்டும் போங்கள்.

28-ஆம் வாரத்திலிருந்து தூங்கப்போகும்போது ஒருக்களித்துப் படுப்பது நல்லது. இடப்பக்கமோ வலப்பக்கமோ எதுவானாலும் சரி. மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிய பெரிய ரத்தக் குழாயை அழுத்தி, குழந்தைக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. நடு இரவில் விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதறாமல் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 31-ஆம் வாரம். குழந்தையின் தலை மேலே இருக்கிறதாம். இனி ஆபரேஷன்தானா?

பதில்: இப்போதே அந்த முடிவுக்கு வர வேண்டாம். 28-ஆம் வாரத்தில் நான்கில் ஒரு குழந்தைக்குத் தலை மேலேதான் இருக்கும். நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று, நான்கு குழந்தைகளே அப்படி நிற்கின்றன. 36-ஆம் வாரம் வரை திரும்பாவிட்டால், வயிற்றின் மேல் கைகளால் அழுத்திக் குழந்தையைத் திருப்பிவிடும் முறை ஒன்று உண்டு. உங்களுக்கு அது பொருந்துமா என்று அப்போது கேளுங்கள்.

கேள்வி: அடுத்த மாதம் எனக்குப் பிரசவம். அடிக்கடி வயிறு இறுகி இளகுகிறது. எது பொய் வலி, எது உண்மையான வலி என்று எப்படித் தெரியும்? மருத்துவமனையில் என்னவெல்லாம் நடக்கும் என்று யாரும் சொல்வதில்லை. ‘போனால் தெரியும்’ என்கிறார்கள்.

பதில்: முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது உங்கள் உரிமை. வயிறு கல்லாக இறுகி, சிறிது நேரத்தில் இளகி, ஒழுங்கின்றி வந்துபோகும் இறுக்கம், 1872-இல் அதை விவரித்த ஆங்கிலேய மருத்துவர் பிராக்ஸ்டன் ஹிக்ஸின் பெயரால் அறியப்படுகிறது. எழுந்து நடந்தாலோ, படுத்தாலோ, தண்ணீர் குடித்தாலோ அது அடங்கிவிடும். உண்மையான வலி எதற்கும் அடங்காது. முதுகின் அடியில் தொடங்கி முன்னால் வரும், இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும், ஒவ்வொன்றும் முந்தியதைவிட வலுக்கும். தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் புறப்படுங்கள். மருத்துவமனை தொலைவில் இருந்தால் அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ரத்தம் கலந்த சளி வெளிப்படுவது நேரம் நெருங்குவதைக் காட்டும். அதற்காக ஓட வேண்டியதில்லை. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தமாகவே போனாலோ, அசைவு குறைந்தாலோ வலி இல்லாவிட்டாலும் உடனே போக வேண்டும். பனிநீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். 37 வாரம் நிறைவதற்குள் வலி ஒழுங்காக வரத் தொடங்கினால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். அந்த நிலையில் 34-ஆம் வாரத்துக்குள் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி, குழந்தையின் நுரையீரலை மூச்சுவிடத் தயார்ப்படுத்தும். ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும்.

மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உள்ளே விரலால் சோதிப்பார்கள். செய்வதற்கு முன் சொல்லிவிட்டுச் செய்யும்படி நீங்கள் கேட்கலாம். 5 சென்டிமீட்டர் திறக்கும் வரை உள்ள தொடக்கக் கட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள்கூட ஆகலாம். அதன் பிறகு 10 சென்டிமீட்டர் வரை திறப்பதற்குத் தலைப்பிரசவத்தில் பொதுவாக 12 மணி நேரத்துக்குள் ஆகும். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது. ஆகவே தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரை வேகம் குறைவு என்பதற்காக மட்டும் பதற வேண்டியதில்லை. அந்த நேரத்தில் படுத்தே இருக்காமல் நடக்கலாம், முன்னால் சாய்ந்து நிற்கலாம், தண்ணீர் குடிக்கலாம். உங்களுக்குப் பிடித்த ஒருவர், கணவரோ தாயோ சகோதரியோ, பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. உங்கள் மருத்துவமனை அனுமதிக்குமா என்பதை இந்த வாரமே கேட்டு வையுங்கள். வலியைக் குறைக்க என்னென்ன வழிகள் அங்கே உண்டு என்பதையும் அப்போதே கேளுங்கள். வலி நிவாரணம் கேட்பது பலவீனம் அல்ல.

முழுவதும் திறந்த பிறகு முக்கித் தள்ளும் கட்டம், தலைப்பிரசவத்தில் மூன்று மணி நேரம் வரை போகலாம். குழந்தை வந்தவுடன் உங்கள் தொடையிலோ கையிலோ ஆக்சிடோசின் ஊசி போடுவார்கள். கர்ப்பப்பை சுருங்கி ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதற்கான ஊசி அது. குழந்தை நலமாக இருந்தால் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது வெட்டாமல் வைப்பது நல்லது. நஞ்சில் எஞ்சியிருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து, பிந்தைய மாதங்களில் ரத்தசோகை வராமல் காக்கும். நஞ்சு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். குழந்தையைத் துடைத்து உங்கள் வெற்று மார்பின் மேல் போடச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் அதன் உடல் வெப்பம் நிலைபெறும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே பால் தேடத் தொடங்கும்.

வீடு திரும்பிய பின் உதிரப்போக்கு நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ அன்றே திரும்பிச் செல்லுங்கள். மூன்றாம் நாளை ஒட்டிக் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் நடப்பது. இரண்டு வாரத்துக்குள் அது தெளிந்துவிடும். அதற்கு மேலும் மனம் இருண்டே கிடந்தால், குழந்தையின் மேல் பற்று வரவில்லை என்று தோன்றினால், வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு.